கலர் பாட்டிலும் கரண்டிப் பொரியலும்



திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகன் எட்டாம் வகுப்பு. காய் என்றாலே தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற பிள்ளை. "பீன்ஸைச் சாப்பிடுடா, சத்து" என்று இவர் சொல்ல, அவன் ஃபிரிட்ஜிலிருந்து கூல்ட்ரிங்ஸ் பாட்டிலை எடுத்துவந்து லேபிளைக் காட்டியிருக்கிறான். 100 மில்லிக்கு 40 சொச்சம் கலோரி என்று போட்டிருக்கிறது. பீன்ஸுக்கு 35தான் என்பதையும் செல்போனில் பார்த்து வைத்திருக்கிறான். "எதுல சத்து ஜாஸ்தி, நீயே சொல்லும்மா" என்று கேட்டானாம். "எனக்கு வாயடைத்துப் போய்விட்டது, நீங்களாவது பதில் சொல்லுங்கள்" என்று பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டார் அந்த அம்மா.

பையன் நாளைக்கு வக்கீல் ஆனாலும் ஆச்சரியமில்லை. எண்கள் இரண்டும் சரி. வெந்த பீன்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 35 கலோரி. சர்க்கரை போட்ட கோலா வகைகளில் 100 மில்லிக்கு 42, 44 என்று வரும். ஆனால் லேபிளில் அந்த வரிக்குக் கீழே உள்ளதையும் அவன் படித்திருக்கலாம். புரதம் 0. கொழுப்பு 0. கார்போஹைட்ரேட் 11 கிராம் வாக்கில். அடுத்த வரியில் சர்க்கரை என்று போட்டு மறுபடி அதே எண். ஆக, அந்தக் கலோரி மொத்தமும் சர்க்கரைதான். நார்ச்சத்து, இரும்பு, கால்சியம், வைட்டமின் எதையும் அங்கே காணோம். அச்சடிக்க இடமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு 250 மில்லி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் 26 கிராம் அளவுக்குச் சர்க்கரை, வீட்டு டீஸ்பூனில் அள்ளினால் ஐந்துக்கு மேல். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பதுதான் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதலின் சாரம். ஒரே பாட்டிலில் அன்றைய பங்கு தீர்ந்து, டீயும் காபியும் கடனில் ஓட வேண்டியதுதான். அந்தப் பாட்டிலின் நூற்றுச் சொச்சம் கலோரியைப் பீன்ஸிலிருந்து எடுக்க வேண்டுமானால் 300 கிராம் வெந்த பீன்ஸ் வேண்டும். பந்தியில் ஐந்தாறு இலைக்குப் பரிமாறுகிற பொரியல் அது. கூடவே 9 கிராம் நார்ச்சத்து, 5 கிராமுக்கு மேல் புரதம், வைட்டமின் சியிலும் ஃபோலேட்டிலும் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் வந்து சேரும். அவ்வளவையும் மென்று முடிக்க அரை மணி ஆகும், பாதியிலேயே போதும் என்று வயிறு சொல்லிவிடும். பாட்டிலுக்கு இரண்டு நிமிஷம். குடித்த சர்க்கரைக்கு ஈடாக அடுத்த வேளைச் சோற்றை யாரும் குறைத்துக்கொள்வதில்லை. குடிக்கிற கலோரிக்கு இந்தக் குணம் உண்டு என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

ஐந்து ஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் அந்தப் பையனே முகம் சுளிப்பான். பாட்டிலில் அது தெரியாமல் போவதற்குச் சில்லிப்பும் புளிப்பும் காரணம். நாக்கு குளிர்ந்திருந்தால் இனிப்பு மட்டாகத்தான் உறைக்கும். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை ரகங்களில் சிட்ரிக் அமிலம் (லேபிளில் 338, 330 என்று வெறும் எண்களாக உட்கார்ந்திருக்கும்) திகட்டலை வெட்டிவிடும். நம்பிக்கை வராதவர்கள் மூடியைத் திறந்து ஒரு ராத்திரி மேஜைமேல் விட்டுவைத்து, காலையில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். காற்றும் குளிர்ச்சியும் போய் நீர்த்த பாகுதான் மிச்சமிருக்கும். அந்த அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோலாவின் பி.எச். அளவு 2.5 வாக்கில் இருக்கும். 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் முன்னால் பாட்டிலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாய் வாயாக உறிஞ்சுகிறவர்கள், சாப்பாட்டோடு குடித்து முடிப்பவர்களைவிடப் பல்லை அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கரை இல்லாத 'ஸீரோ' வகை? பாகு இல்லை, அந்த மட்டில் பரவாயில்லை. அமிலம் அப்படியேதான் இருக்கிறது. எடை குறைக்க இந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

சத்துக் கணக்கைவிட அளவுக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாட்டிலின் அளவைக் கம்பெனி தீர்மானிக்கிறது: 200, 250, 600, அப்புறம் விருந்துக்கு வாங்குகிற ரெண்டேகால் லிட்டர். திறந்த பாட்டிலை யாரும் பாதியில் வைப்பதில்லை. காற்றுப் போய்விடும் என்று கடைசிச் சொட்டுவரை தீர்த்துவிடுகிறோம். காய்க்கு மட்டும் கரண்டிதான் அளவு, அதுவும் நுனிக் கரண்டி. எங்கள் அலுவலகத்தில் மதியம் டப்பாக்களைத் திறந்தபோது சமையல் தராசு ஒன்றை நடுவில் வைத்தோம். கோஸ் பொரியல் 45 கிராம். கத்தரிக்காய்க் கூட்டு 60. இன்னொருவரிடம் ஊறுகாய் மட்டும். தராசு முள் தாராளமாக நகர்ந்தது உருளைக்கிழங்கு வறுவலுக்கு மட்டும்தான். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குக் காயும் கீரையுமாக நாளுக்கு 400 கிராம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொஞ்சம் இரங்கி, பழத்தையும் சேர்த்து 400 போதும் என்கிறது. உருளை, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை என்றபோது வறுவல் டப்பாக்காரர் மூடியைப் போட்டுக்கொண்டார்.

சோற்றுக்குத் 'தொட்டுக்க' என்றே காயை வைத்துப் பழகிவிட்டோம். கலர் என்கிற கூல்ட்ரிங்ஸுக்கோ நம் வீடுகளில் தனி மரியாதை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் "தம்பி, ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா" என்று குரல் போகும். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் கலர், பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கும் கலர். அதையாவது உபசாரம் என்று விட்டுவிடலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், ஆரஞ்சுப் பைக்குப் பக்கத்தில் இதையும் ஒன்று வைத்துவிட்டு, "குடிங்க மாமா, தெம்பா இருக்கும்" என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் எலுமிச்சைச் சுவைக் குளிர்பானம் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படித் தயாரான ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அதில் இருக்கிற குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். குளுக்கோஸும் உப்பும் அந்த விகிதத்தில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். குளிர்பானத்தில் ஒரு லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்பு பேருக்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து, போக்கை இன்னும் கூட்டிவிடும். இதில் குழப்பத்தைக் கூட்டுகிற மாதிரி, இனிப்புப் பானங்களே ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடியபின், 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வீட்டில் பொடி இல்லாத ராத்திரியில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இந்தப் பாட்டிலைவிட எவ்வளவோ மேல்.

பிரியாணிக்குப் பிறகு சோடா குடித்தால் செரிக்கும் என்பவர்கள் தனிக் கட்சி. ஏப்பம் வருகிறதே என்பார்கள். அது பாட்டிலுக்குள் அடைத்த கார்பன் டை ஆக்சைடு, போன வழியே திரும்பி வருவது. வயிறு லேசான மாதிரித் தோன்றும். பிரியாணி இருந்த இடத்தில்தான் இருக்கும். வெறும் சோடாவில் சர்க்கரை கிடையாது என்பதால் இவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கோலிசோடா உடைக்கிற சத்தம் எனக்கும் பிடிக்கும். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இன்னும் கழுத்தை நெரித்துக்கொண்டு நிற்கிறது.

உள்ளூர்க் கலர்தானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களும் உண்டு. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கும் அதன் பவண்டோவும் தென்மாவட்டத்துக்காரர்களின் பால்யத்தோடு சேர்ந்தவை. கோகோ கோலா 1977-ல் இந்தியாவை விட்டுப் போய் 1993-ல் திரும்பி வந்தது. வந்தபின் எத்தனையோ உள்ளூர்க் கலர்கள் காணாமல் போயின. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் அன்னியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, பவண்டோவைத் தேடி வாங்கியவர்களில் நானும் உண்டு. அது அந்தக் கம்பெனிகள் எடுத்த தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிய, வியாபாரத்தைப் பற்றிய கோபம், நியாயமான கோபம். ஆனால் கணையத்துக்குத் தேசப்பற்று கிடையாது. பன்னீர் சோடாவானாலும் மாம்பழ பானமானாலும் அது சர்க்கரையை மட்டும்தான் எண்ணும். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனைக்கும் பாட்டில்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைச் சோற்றுக்கும் நாலு வேளை டீக்கும் உட்கார்ந்த வேலைக்கும் அதில் பங்குண்டு.

கலருக்கும் காய்க்கும் உள்ள வித்தியாசம் அரசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருக்கிறது. குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், பச்சைக் காய்கறிக்கு வரியே இல்லை. இருந்தும் 200 மில்லி பாட்டில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. கீரைக்கட்டு பல ஊர்களில் அதைத் தாண்டிவிட்டது. பிரிட்டன் செய்தது வேறு தினுசு. 2018 ஏப்ரலில், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி, 8 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் வரி என்று சர்க்கரையை அளந்து போட்டார்கள். வரி வருவதற்கு முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நம் வரி சர்க்கரையின் அளவைப் பார்ப்பதில்லை. அதனால் குறைப்பதில் கம்பெனிக்கு லாபம் ஒன்றுமில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். சமைத்தால் சத்துப் போய்விடும் என்று பச்சைக் காய்க்காரர்கள் பயமுறுத்துவார்கள். பாதி உண்மை. வைட்டமின் சி சூட்டுக்கும் ஆகாது, தண்ணீரிலும் கரையும். காயை நறுக்கி, பிறகு கழுவி, பானை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டினால் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போகும். கழுவியபின் நறுக்கி, தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்தால் பெரும்பகுதி தங்கும். மிஞ்சிய தண்ணீரை ரசத்தில் ஊற்றினால் அதுவும் வீணில்லை. கேரட்டின் கதை நேர்மாறு. அதிலிருக்கிற பீட்டா கரோட்டின் வெந்து குழைந்தால்தான் இளகி வெளியே வரும், கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். பாட்டி பொரியலைத் தாளித்து, இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவியது ருசிக்காக இருக்கலாம். சத்துக்கும் அதுவே வழி. 100 கிராம் கேரட்டை இப்படிச் சாப்பிட்டால் அன்றைய வைட்டமின் ஏ தேவை ஏறக்குறைய முடிந்துவிடும். சேனையைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு நாக்கு அரிப்பு சொல்லும், சமையல் எதற்கு என்று. பீன்ஸும் கீரையும் பச்சைப்பசேல் என்று இருக்க ஆப்பச் சோடா போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறம் நிற்கும், வைட்டமின் பி1-ம் சியும் நிற்காது.

எல்லாக் காயையும் அமிர்தம் என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம். சுரைக்காயும் வெள்ளைப் பூசணியும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிறையும், கலோரி ஏறாது, கோடைக்கு நல்லது. அவ்வளவுதான். முருங்கைக்கீரை வேறு ஜாதி. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதல். ஆனால் அதை ஆய்வது யார்?

சண்டையே அங்கேதான் இருக்கிறது. பாட்டிலுக்கு மூடியைத் திருகினால் போதும். முருங்கைக்கீரைக்கு உருவ வேண்டும், குச்சி பொறுக்க வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும். வாழைப்பூவுக்குக் கள்ளன் எடுக்க வேண்டும், வாழைத்தண்டுக்கு நாரை விரலில் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். வேலைக்குப் போய் ஆறரைக்குத் திரும்புகிற பெண்ணிடம் "காய் செய்யக் கூடாதா" என்று சோபாவிலிருந்து கேட்கிற வீட்டில் கலர் பாட்டில் ஜெயிக்கத்தான் செய்யும். முருங்கைக் கொத்தை ஈரமில்லாமல் துணியில் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் ஓர் உதறலில் இலை பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். இந்த வித்தை பாட்டிகளுக்குத் தெரியும், இனி தாத்தாக்களும் அப்பாக்களும் கற்றுக்கொள்ளட்டும். டி.வி. பார்த்துக்கொண்டே அவரைக்காய்க்கு நார் உரிக்கலாம். கிரிக்கெட் மேட்ச் ஒன்றுக்கு எத்தனை கிலோ அவரைக்காய் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் காய் தின்ன மாட்டார்கள் என்பதும் முழு உண்மையில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோடும் பொங்கலோடும் காய்கறி சாம்பார் ஊற்றுகிறார்கள். வீட்டில் கேரட்டைப் பொறுக்கி எறிகிற பிள்ளை அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சாப்பிட்டுவிடுகிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. ஆனால் வாசலையொட்டிய பெட்டிக்கடை ஃபிரிட்ஜ் எந்த ஊரில் அணைந்திருக்கிறது? 2025-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சர்க்கரைப் பலகை வைக்க வேண்டும் என்று உத்தரவானது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதித் தொங்கவிடுகிற பலகை. மற்றப் பள்ளிகளும் வைக்கலாம். ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும்தான் செலவு. லேபிள் படிக்கிற பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுத்தால் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள்.

இந்த இதழின் நடுப்பக்கங்களில் பொரியல், கூட்டு, கடைசல், துவட்டல் என்று பதினைந்து நிமிஷத்தில் முடிகிற காய் வகைகளைத் தந்திருக்கிறோம். அடுத்த இதழுக்கு நீங்கள் எழுதுங்கள். ஆண்கள் நறுக்கிச் சமைத்ததற்கு முதலிடம். 'ஒரு கை', 'ஒரு கரண்டி' என்று எழுதாமல், தலைக்கு எத்தனை கிராம் காய் என்று போட்டு அனுப்புங்கள். தேங்காய் விற்கிற விலையில் துருவலைக் கொஞ்சம் பார்த்துப் போடும்படியும் வாசகிகள் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முகவரி வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்